தூக்கத்தின் மேல் உட்கார்ந்த அரசன்

என் நாத்தனார் லெபேகா எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பாள். அது கிழிந்திருந்தால் அந்தப் புத்தகத்தையே தொடமாட்டாள். "முடிவுன்னு ஒண்ணு இருக்கான்னு பாத்துக்கறேன் அண்ணி. அவ்வளவுதான்" என்பாள். இருக்கிற வேலைக்கு நடுவில் இப்படியும் ஒரு கவலையா என்று நினைத்துக்கொண்டு நான் சேப்பங்கிழங்கின் தோலைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

நேரில் அவளை நான் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். என்னைவிட ஒரு வயது சின்னவள்தான். ஆனால் அவள் இந்த வீட்டுப் பெண், நான் வாக்கப்பட்டு வந்தவள். சமோவாவில் வாக்கப்பட்டு வந்தவளுக்கு அடுப்படிதான் இடம். புருஷனின் தங்கை சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நாம் தட்டைத் தொடலாம். எழுதும்போது மட்டும் அவள், இவள் என்று வருகிறது. இருபத்தாறு வருஷம் ஆக்கிப் போட்டதற்கு இந்த உரிமையாவது எனக்கு வேண்டாமா.

லெபேகாவுக்குக் கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. பிள்ளை இல்லை. தலைநகர் ஆப்பியாவில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பகுதியில் பதினெட்டு வருஷமாக ராத்திரி வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டல் வேன் வந்து அழைத்துப்போகும். காலையில் அவள் பஸ் பிடித்து எட்டு மணிக்கு வீடு வந்து சேருவாள். வெளிநாட்டுக்காரர்கள் படுக்கையிலேயே விட்டுப்போகிற புத்தகங்கள் விரிப்போடு சுருண்டு சலவைக்கு வந்துவிடும். துப்பறிகிறவன் கதை, கடற்கொள்ளைக்காரன் கதை, டாக்டரைக் காதலிக்கிற நர்ஸ் கதை என்று எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாவு டின்னில் போட்டு மூடி வைப்பாள். ஓட்டலில் அதைக் குப்பையில்தான் போடுவார்களாம். இங்கே அது என் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டது.

காலையில் வந்ததும் ஒரு கோப்பை கொக்கோ குடித்துவிட்டுப் படுப்பாள். எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது. தூண்கள்தான், நடுவில் பாய். நாய் குரைக்கும், கோழி ஓடும், பக்கத்து வீட்டு ரேடியோ பாடும். அதற்கெல்லாம் அவள் அசையமாட்டாள். அரை மணி நேரம் கழித்துத் தூக்கத்திலேயே ஒரு குரல் கொடுப்பாள்.

"அவுவே!"

எங்கள் ஊரில் கதை சொல்கிறவர் அங்கங்கே நிறுத்துவார். கேட்கிறவர் அந்த இடத்தில் "அவுவே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சும்மா உம் கொட்டினால் போதாது. பதில் வராவிட்டால் கேட்கிறவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், கதை அதோடு நின்றுவிடும். லெபேகா பட்டப்பகலில் யாருமே சொல்லாத கதைக்கு அவுவே சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து, இருபது தடவை சொல்வாள். பிறகு வியர்த்துப்போய் எழுந்து உட்காருவாள். முகத்தைப் பார்த்தால் இன்னொரு முறை வேலைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி இருக்கும்.

"இன்னிக்கு என்ன?" என்று நான்தான் கேட்பேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

"அந்த டாக்டர் வந்தாரு அண்ணி. பூங்கொத்தோட."

"நல்லதாப் போச்சு. கல்யாணம் எப்போ?"

"கைக்குப் பதிலா நண்டுக் கொடுக்கு இருந்துச்சு. பூவ நீட்டறாரு, அதுவே நறுக்கு நறுக்குன்னு பூவ வெட்டுது. நான் விரிப்புக் கணக்குல கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கறேன். அப்போ அப்பா குரல் கேக்குது. கத சொல்றாரு. சொல்லிட்டு நிறுத்தறாரு. நான் வாயத் தொறக்கறேன், வாய் நெறைய ஈரத் துணி. அப்பா பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

ஒரு நாள் துப்பறிகிறவன் ஓட்டல் வாசலில் நின்று, "தூக்கம் தொலைஞ்ச ராத்திரி நீ எங்க இருந்தே?" என்று அவளை விசாரிப்பான். இன்னொரு நாள் கொள்ளைக்காரர் கப்பலில் பாய்மரமெல்லாம் ஓட்டல் விரிப்பு. கடல் சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும், இஸ்திரி போடு என்பார்கள். எந்தப் புத்தகத்து ஆள் வந்தாலும் கடைசியில் அவள் அப்பாவின் குரல் வரும், அது நிறுத்தும், இவளுக்கு வாய் வராது. ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வருஷக்கணக்கில் கேட்டால் சிரிப்பு வராது.

பஸ்ஸிலும் இதேதான். எங்கள் பஸ்ஸில் இடம் இல்லாவிட்டால் யார் மடியிலாவது உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான், கேட்கக்கூட மாட்டோம். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவள் யாரோ ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்தபடியே தூங்கி, அவள் காதுக்குள் அவுவே என்று கத்துவாள். "யாருப்பா அங்க கத சொல்றது? கொஞ்சம் சத்தமா சொன்னா நாங்களும் கேப்போம்ல" என்று டிரைவர் கிண்டல் செய்வானாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு வருவாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் போதகர் யோனாவைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மீன் யோனாவை விழுங்கியது என்று சொல்லி நிறுத்தினார். பெண்கள் வரிசையிலிருந்து கணீரென்று ஒரு "அவுவே". கோயிலே சிரித்தது. பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் உருண்டார்கள். போதகர் நல்ல மனுஷன். "ஒருத்தராவது கேக்கறீங்களே, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். லெபேகா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கிழவர்கள்கூடச் சிரித்தபோது என் புருஷன் மரேகோ மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தது எனக்கு.

அன்று மத்தியானம் அவளிடமே கேட்டேன். "அப்பா கதை, அப்பா கதைன்னு சொல்றீங்களே, அது என்னதான் கதை?"

சொன்னாள். ஒரு தீவில் ஓர் அரசன். அவனுக்குத் தூக்கமே வராது. தனக்கு இல்லாதது வேறு யாருக்கும் இருக்கக்கூடாது என்று ஊர் சனங்களின் தூக்கத்தையெல்லாம் பிடுங்கி ஒரு தேங்காய்க்குள் அடைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். எழுந்திருக்கவே மாட்டான். சனங்கள் கண் எரிய எரிய நடமாடுகிறார்கள். ஒரு பெண் தோணி ஏறிப் போய், காவல் நண்டைத் தாண்டி, அரசனுக்குச் சமையல்காரியாகச் சேர்கிறாள். மூன்றாம் நாள் அவன் முன்னால் சாப்பாட்டை வைக்கிறாள். அரசன் சாப்பிடுகிறான். சாப்பிட்டுவிட்டு...

"சாப்பிட்டுட்டு?"

"அவ்வளவுதான். அங்கதான் நான் தூங்கிட்டேன். அப்பா நிறுத்தினாரு, நான் பதில் சொல்லல. 'லெபேகா தூங்கிட்டா, கத முடிஞ்சுது'ன்னு பாயச் சுருட்டிட்டாரு. எனக்கு ஒன்பது வயசு. அடுத்த வாரம் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போனாரு. மூணாவது வருஷம் பொட்டியிலதான் வந்தாரு." சொல்லிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு முடிச்சிருப்பாரு. கதய பாதியில விட்டுட்டு யாரும் கெளம்பக்கூடாது அண்ணி. என்னாலதான் அவரு அப்படிப் போனாரு."

நாற்பது வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நண்டு டாக்டருக்கு எத்தனை தடவை கிண்டலாக அவளைக் கட்டிவைத்திருப்பேன்.

"உங்க அண்ணன் அன்னிக்கு அங்கதானே இருந்தாரு? அவர கேக்கலாமே?"

"அண்ணன்கிட்டயா?" என்றாள். நான் ஏதோ தகாத வார்த்தை பேசிவிட்ட மாதிரி பார்த்தாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் பன்னிரண்டு வயசு ஆனதும் அண்ணன் தங்கைக்கும் அக்கா தம்பிக்கும் நடுவே மரியாதை வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் உட்காரமாட்டார்கள், விளையாட்டுப் பேச்சு பேசமாட்டார்கள். டிவியில் ஒருவன் ஒருத்தியைக் கட்டிப்பிடித்தால்கூட மரேகோ எழுந்து வெளியே போய்விடுவார். அவளுக்காக உயிரைக் கொடுப்பார், அவளோடு சேர்ந்து சிரிக்கமாட்டார்.

மரேகோவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆப்பியாவுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் நாலு மணி நேரம் படுக்க வேண்டும். கூடப் போகிறவள் நான்தான். அடுத்த முறை போனபோது அவரைக் கேட்டேன். ஊசி குத்திய பிறகு எங்கே எழுந்து ஓடுவார்?

"அந்தத் தேங்கா மேல உக்காந்த அரசன் கதைக்கு என்ன முடிவு?"

அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். "அது சொல்ற மாதிரி கத இல்ல பெனினா."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தூங்கவிடு."

எத்தனையோ முறை கேட்டாயிற்று. ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. சரிதான் போங்க என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அலுப்புதான். விடியற்காலை எழுந்து சமைத்து, அவரைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றி, திரும்பி வந்து துணி துவைத்து, நடுவில் இவர்கள் வீட்டுக் கதைக்கும் நான்தான் அலைய வேண்டுமா.

இதற்குள் லெபேகா கனவுக்குப் பயந்து தூங்குவதையே குறைத்துக்கொண்டாள். படுக்காமல் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள், கொக்கோமேல் கொக்கோ குடிப்பாள், கண்ணைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. மார்ச் மாதம் ஒரு நாள் வேலையில் இஸ்திரி மெஷின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள். இடது கை முழங்கைவரை வெந்துபோயிற்று. கட்டோடு வந்து இறங்கியபோதும் அழவில்லை. "மெஷின் முழுசா மூடறதுக்கு முன்னாடி கைய எடுத்துட்டேன் அண்ணி, இல்லன்னா கையே போயிருக்கும்" என்றாள். சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். கை ஆறும்வரை துணி மடித்தால் போதும், இன்னொரு தடவை தூங்கினால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். எனக்கு அந்த வேலை பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த தடவை கை மட்டும் போகுமா, ஆளே போய்விடுவாளா என்றுதான் பயம்.

அந்த வெள்ளிக்கிழமை மரேகோவை மெஷினில் போட்டதும் நான் உட்காரக்கூட இல்லை.

"இந்தா பாருங்க. உங்க தங்கச்சி கை வெந்து கெடக்காங்க. அன்னிக்குத் தான் தூங்கிட்டதாலதான் உங்கப்பா அப்படிப் போனாருன்னு நெனச்சுக்கிட்டுத் தூங்காமயே சாகப்போறாங்க. நீங்களும் நாள எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தெரிஞ்சத வச்சுக்கிட்டு எங்க கொண்டுபோகப் போறீங்க?"

அவர் முகம் மாறிப்போயிற்று. "அவ தூங்கிட்டதாலயா? யாரு சொன்னா?"

"உங்கப்பாதான் சொன்னாராம்."

"அவ எங்க தூங்கினா? கண்ண முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அவுவேன்னு சொல்லக்கூட செஞ்சா. வாய்க்குள்ள சொன்னா, சின்ன குரல்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அத்த வந்துட்டாங்க பெனினா. அப்பாவோட அக்கா. தட்டுல மீன் எடுத்துக்கிட்டு வந்து பாயில உக்காந்துட்டாங்க. அவங்க முன்னாடி அப்பா அந்த முடிவ எப்படிச் சொல்லுவாரு? பேச்ச மாத்தறதுக்கு, புள்ள தூங்கிட்டான்னு சொல்லி எழுந்துட்டாரு. மறுநாள் தோட்டத்துல என்கிட்ட மட்டும் முடிவ சொன்னாரு."

"அப்படி என்னதான் முடிவு?"

சொன்னார். நாலே வரி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்து, குழாயெல்லாம் ஆடி, மெஷின் கத்த, நர்ஸ் ஓடி வந்து, "அசையாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று திட்டினாள். நான் சிரிக்கவில்லை. எரிச்சல் தலைக்கேறியது. இதற்கா நாற்பது வருஷம்?

மறுநாள் சனிக்கிழமை. லெபேகா மத்தியானம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கனவில் எல்லோரும் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் விசிறியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க அன்னிக்குத் தூங்கல" என்றேன்.

அத்தை வந்ததைச் சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் கொண்டு வந்தாங்களா?"

"தட்டுல வச்சுக் கொண்டு வந்தாங்களாம்."

"மீன் வாசன எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணி. கனவுலகூட வரும். அது ஓட்டல் சமையக்கட்டு வாசனன்னு நெனச்சேன்." பிறகு கேட்டாள், "அப்பா ஏன் என் மேல போட்டாரு?"

"வேற யார் மேல போடுவாரு? ஒன்பது வயசுப் புள்ள தூங்கிட்டான்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. நீங்க இவ்வளவு நாள் சொமப்பீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் படுத்தாள். "முடிவு தெரிஞ்சா சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

எனக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. இந்த வீட்டில் என்னை யாரும் உட்காரச் சொல்லிக் கதை சொன்னதுமில்லை. தெரிந்த மாதிரி ஆரம்பித்தேன். அரசன், தேங்காய், கண் எரிகிற சனங்கள். நிறுத்தும்போதெல்லாம் அவள் அவுவே என்றாள். களைத்த குரல், ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் சொன்னாள். தோணி போயிற்று, நண்டைத் தாண்டியாயிற்று. மூன்றாம் நாள் அந்தப் பெண் புளிக்கவைத்த ஈரப்பலாக்காயைக் கூடை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அரசன் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு...

நிமிர்ந்தேன். மரேகோ வெளிப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. இந்த இடத்தில் அவர் எழுந்து போக வேண்டும். போவார் என்று பார்த்தேன், போகவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லையோ என்னவோ. அண்ணன் காது கேட்க தங்கைக்கு அந்த முடிவை நான் எப்படிச் சொல்ல? என் மாமனார் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் நானும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவுவே" என்றாள் லெபேகா. நான் விசிறிக்கொண்டே இருந்தேன். "அவுவே, அண்ணி. நான் தூங்கல."

பிறகு அவளும் படியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முகம் அப்படியே வாடிப்போயிற்று. "பரவால்ல அண்ணி, போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது படியிலிருந்து, திரும்பாமலே, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"அவுவே."

என் இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. லெபேகா கண்ணைத் திறந்தாள். நான் மடமடவென்று சொல்லி முடித்தேன். அரசன் வயிறு உப்பியது. எழுந்தால் தேங்காய் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினான், இந்தப் பக்கம் நெளிந்தான், அந்தப் பக்கம் நெளிந்தான், கடைசியில் அடக்க முடியாமல் விட்டான் பாருங்கள் ஒரு குசு. விட்ட வேகத்தில் தேங்காய் அவன் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு கடல் தாண்டிப் பறந்து பாறையில் மோதிச் சுக்குநூறானது. உள்ளே இருந்த தூக்கமெல்லாம் வெளியே வந்தது. மீன் பிடித்தவன் தோணியிலேயே தூங்கினான், சமைத்தவள் அடுப்படியிலேயே தூங்கினாள், நண்டு தூங்கியது. அரசனும் தூங்கினான்.

லெபேகா தலையணையை வாயில் அழுத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. படியில் மரேகோவின் முதுகும் குலுங்கியது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சிரித்தார்களா அழுதார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். நான் விசிறிக்கொண்டு காத்திருந்தேன். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. நாய் குரைத்தது, கோழி பாய்க்கு மேலேயே நடந்துபோனது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மரேகோ தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பேசறாளா?"

"இல்ல."

அவர் படியில் மறுபடியும் உட்கார்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார், "அத்த வந்ததாலதான் அப்பா நிறுத்தினாரு, நீ தூங்கலன்னு நான் அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருக்கலாம். முடிவுதானே சொல்லக்கூடாது. இத சொல்றதுக்கு என்ன வந்துச்சு? எனக்குத் தோணவே இல்ல பெனினா. எல்லாத்தையும் சேத்து வாய மூடிக்கிட்டேன்."

அவர் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நாலு மணிக்கு வேன் வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. நான் எழுந்து போய், லெபேகா தூங்குகிறாள், இன்றைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.